நெவிலின் எட்டாவது டேப்

நெவில் ராம்ஸ்டன் இறந்த மாதம் எங்கள் ரசிகர் சங்கப் பத்திரிகையில் அவருக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். "தன்னிடமிருந்த அரிய பொக்கிஷத்தை மனமுவந்து உலகுக்கு அளித்த வள்ளல்" என்று தலைவர் கிரெய்க் எழுதியிருந்தான். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கசக்கிக் குப்பையில் போட்டேன். அப்புறம் எடுத்து நீவி வைத்தேன், அதில் நெவிலின் நல்ல போட்டோ ஒன்று இருந்ததால். வள்ளலாம்! அந்த மனிதர் எதற்காகக் கொடுத்தார், இவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பது அன்றைக்கு அந்த மாடியறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் எழுதப் போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

வட இங்கிலாந்தில், பர்ன்லி பஸ் டிப்போவில் நான் ஓட்டுநர், அவர் டயர் பிரிவில் வேலை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த டிவியில் ஏதோ ஒரு விண்வெளித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் கை முழுக்கக் கரியோடு இருந்த ஒருவர் டிவியைப் பார்த்து, "பொய்," என்றார்.

"எது பொய்?" என்று கேட்டுவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் அதுதான்.

"அந்த பூதம். அதுக்கு வேர்க்கல பாரு. எங்க காலத்துல ரப்பர் சட்டைக்குள்ள ஒரு மனுஷன் நின்னான். மேல பத்து விளக்கு, உள்ள மூச்சு விட முடியாது, அவனுக்கு வேர்த்துக் கொட்டும். அது நமக்குத் தெரியும். உயிருள்ள ஒண்ணு அங்க அவஸ்தைப்படுதுன்னு தெரிஞ்சாத்தான் தம்பி, பயம் வரும். கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுக்கு என்னைக்குடா வேர்த்திருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் டீ விளம்பரங்கள் ஏன் கெட்டுப்போயின என்பதற்குத் தாவிவிட்டார். அங்கிருந்து, எங்கள் பக்கத்து லங்காஷயரில் பிறந்துவிட்டு லண்டன்காரன் மாதிரி மூக்கால் பாடுகிற பாடகர்களுக்கு. என் பஸ் கிளம்பும் நேரம் வந்ததால் தப்பித்தேன். மறுநாள் அதே மேசையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, நெவில் அந்த மூன்று காலையும் தனித்தனியாகத் தொட்டுக் காட்டுகிற ஆள். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கத் தொடர் போடாத நாடு நாடே இல்லை. கதாநாயகன் அழகாக இருக்கக் கூடாது, வரி கட்டுகிறவன் மாதிரி இருக்க வேண்டும். பின்னணி இசையை நிறுத்தினால் பாதித் தொடர்கள் செத்துவிடும். ஒரு கம்பெனி பழைய கறுப்பு வெள்ளைத் தொடர் ஒன்றுக்குக் கலர் பூசி வெளியிட்டபோது ஆறு மாதம் விடாமல் எழுதினார். "அந்தக் காலத்துல செவ்வாய்க்காரன் சாம்பல் கலர்லதான் இருந்தான், எங்க எல்லாருக்கும் தெரியும்" என்பது அவர் வாதம். சங்கப் பத்திரிகையில் அவருடைய பத்தியின் தலைப்பே 'கேட்காவிட்டாலும் சொல்வேன்'. பின்னாளில் இணையத்திலும் அதே தலைப்பில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டார். படித்தவர்களில் பாதிப் பேர் திட்டுவதற்காகவே படித்தார்கள். எனக்கு அவரைப் பிடித்தது. கல்யாணம் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை, அப்பா போன பிறகு பிறந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். அந்த வீட்டில் பேச ஆள் இல்லாததையெல்லாம் சேர்த்து வைத்து வெளியே பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர்தான் என்னைச் சங்கத்தில் சேர்த்தது. 'வெளிக் கலங்கரை ரசிகர் சங்கம், வடக்குக் கிளை.' ரயிலடிக்குப் பக்கத்தில் தொழிலாளர் கிளப்பின் மாடியறையில் மாதம் ஒருமுறை கூடுவோம். கீழே பில்லியர்ட்ஸ் பந்து மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிரெண்டா டீ போடுவாள், கிரெய்க் கூட்டத்தை நடத்துவான், நெவில் குறுக்கே பேசுவார்.

'வெளிக் கலங்கரை' 1967இல் எட்டுச் சனிக்கிழமை வந்த தொடர். பூமிக்கு வெகு தொலைவில், விண்கலங்களுக்கு வழிகாட்ட ஒரு கலங்கரை விளக்கம். அதைக் காக்கிற ஒரு கிழவர், ஓர் இளைஞன். செட் முழுக்க அட்டையும் பெயின்டும். ஒளிபரப்பிய நிறுவனம் செலவை மிச்சப்படுத்த அந்த டேப்புகளை அழித்து வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துகொண்டது. பிறகு நிறுவனமும் இல்லாமல் போயிற்று. டிவி திரையைப் பார்த்து யாரோ எடுத்த சில போட்டோக்களைத் தவிரப் படம் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. சத்தம் மிஞ்சியது. அதுவும் எப்படி? நெவில் மாதிரிப் பையன்கள் டிவிக்கு எதிரே மைக்கை வைத்து, வீட்டில் எல்லோரையும் மூச்சு விடாதே என்று அதட்டி, டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தார்களே, அப்படி.

ஏழு பகுதிகளின் சத்தத்தை நெவில் பல வருடங்களுக்கு முன்பே சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். எட்டாவது, அதாவது கடைசி, யாரிடமும் இல்லை. கதையின் முடிச்சே அதில்தான். ஒரு விண்கலம் வழி தேடி வருகிறது. கலங்கரையில் இருப்பவர்கள் எத்தனையோ வருடமாக அதற்காகக் காத்திருக்கிறார்கள். கிழவர் போய் விளக்கை அணைத்துவிடுகிறார். இளைஞன், "ஏன் அணைத்தீர்கள்?" என்று கேட்கிறான். கிழவர் ஏதோ ஒரு வரி சொல்கிறார். தொடர் முடிகிறது. அந்த வரி என்ன என்று யாருக்கும் நினைவில்லை. நினைவிருக்கிறது என்று சொன்ன பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். கிழவர் கருணையால் அணைத்தார் என்று ஒரு கட்சி, துரோகத்தால் அணைத்தார் என்று ஒரு கட்சி. இந்தச் சண்டையில் ஒரு கல்யாணம் நின்றுபோனது எனக்கே தெரியும்.

நெவிலின் ஏழாவது டேப் இன்னொரு காரணத்துக்காகப் பிரபலம். நடுவில் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். ஒரு பெண் குரல், மெதுவாக, "நெவில் கண்ணு, பீன்ஸா முட்டையா?" என்று கேட்கும். உடனே ஒரு பையன், "ஐயோ அம்மா! வெளிய போ! எல்லாம் நாசமாப் போச்சு! இனிமே உள்ள வந்தே பாரு!" என்று அலறுவான். "மன்னிச்சுக்கோடா, மன்னிச்சுக்கோ" என்றபடி கதவு சாத்தப்படும். அதற்குப் பின் விண்வெளி. இதைக் கேட்டுச் சிரிக்காத ரசிகன் இல்லை. லண்டனில் நடக்கும் மாநாட்டில் ஒருவரையொருவர் பார்த்தால், "பீன்ஸா முட்டையா?" என்றுதான் வணக்கம் சொல்வார்கள். பனியனில்கூட அச்சடித்து விற்றார்கள். நெவிலிடம் யாராவது அப்படிக் கேட்டால், "முட்டை" என்று பதில் சொல்ல வேண்டும், அது வழக்கம். சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

எட்டாவதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "சரியாப் பதியல" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தண்ணீர்க் குழாயைப் பற்றிக்கூடக் கருத்து வைத்திருக்கிற மனிதர் தன் உயிரான தொடரின் கடைசிக் காட்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? "டேப்பை அமுக்கி வெச்சிருக்கார்" என்று ஊரெல்லாம் பேச்சு. புதையல் காத்த பூதம் என்று பெயர் வைத்தார்கள். மாநாடுகளில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். "செத்தா கூடவே புதைக்கச் சொல்லியிருக்கீங்களா?" என்று ஒருவன் கேட்டதை நானே கேட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஓய்வு பெற்ற சில வருடத்தில் அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கூட்டத்துக்கு, மாடிப்படியில் நின்று நின்று ஏறி வந்து, ரொட்டி வாங்கிய உறையில் சுற்றியிருந்த ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"எட்டு," என்றார்.

பிரெண்டா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். கிரெய்க் நாற்காலியை விட்டு எழுந்தான். அவன் நகராட்சியில் குமாஸ்தா, பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வது அவன் பொழுதுபோக்கு. அதில் கெட்டிக்காரன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"மேல்பூச்சு உதிருது," என்றார் நெவில். "ஒரே ஒரு தடவைதான் ஓடும். அதுக்கப்புறம் வெறும் பிளாஸ்டிக். அதனால ஒரு நிபந்தனை. இதுல இருக்கிற எந்தச் சத்தத்தையும் எடுக்கக் கூடாது. எது பதிஞ்சிருக்கோ அப்படியே எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்."

"ஆரம்பிச்சிட்டாருய்யா," என்று கிரெய்க் சிரித்தான்.

"நெஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும் நெவில். கலர் பூசக் கூடாது, ஓரத்தை வெட்டக் கூடாது, இப்போ சத்தம் எடுக்கக் கூடாது. உங்க கட்டளையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்."

"இது கருத்து இல்லடா."

"நீங்க வாயைத் திறந்தா வேற என்ன வரும்?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நெவில், "சத்தியம் பண்ணு" என்றார். "சத்தியம், சத்தியம், டேப்பைக் கொடுங்க முதல்ல" என்று கிரெய்க் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். புலி வருது, புலி வருது என்று முப்பது வருடம் கேட்டுப் பழகியவர்களுக்கு, நிஜப் புலி வந்து மேசைமேல் உட்கார்ந்தது தெரியவில்லை.

கூட்டம் முடிந்து அவரை என் காரில் கூட்டிப்போனேன். வழியில் மீனும் சிப்ஸும் விற்கிற கடையில் நிறுத்தச் சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்தோம். சிப்ஸ்மேல் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிடாமல் கிளறிக்கொண்டிருந்தார்.

"செல்வா, அந்த டேப்புல எங்கம்மா இருக்காங்க," என்றார்.

"பீன்ஸா முட்டையாதானே?"

"அது ஏழு. இது அதுக்கு அடுத்த வாரம்."

அப்புறம் சொன்னார். அன்று அவர் அப்பா மில்லில் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. முன்னறையில் நெவில், பின்னால் சமையலறையில் அம்மா. போன வாரம் பையன் போட்ட கூச்சலுக்குப் பிறகு அந்தம்மா அந்தக் கதவுப்பக்கமே வரவில்லை. அந்த வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரியை அழைக்க வேண்டுமென்றால் யாரும் வெளியே போவதில்லை. நெருப்பைக் கிளறும் இரும்புக் கம்பியால் கணப்பின் பின்தகட்டைத் தட்டினால் போதும், பொதுச்சுவர் வழியே அந்தப் பக்கம் கேட்கும். டீ குடிக்க வா என்பதற்கும் அதுதான், உடம்பு சரியில்லை என்பதற்கும் அதுதான். தொடர் முடிகிற நேரத்தில் அவர் அம்மா எட்னா தட்ட ஆரம்பித்தாள்.

"பக்கத்து வீட்டு ஹில்டாவைக் கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிடல. பத்தடி தூரத்துல நான் இருக்கேன், என்னைக் கூப்பிடல. ஏன் தெரியுமா? டேப் கெட்டுப் போயிடும்னு."

"ஹில்டா வரலையா?"

"அவ பிங்கோ ஆடப் போயிருந்தா. அம்மாவுக்கு அது தெரியாது."

"நீங்க சின்னப் பையன். டீக்குக் கூப்பிடறாங்கன்னு நெனச்சிருப்பீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல அப்படித்தான் நெனச்சேன். டீக்குன்னா மூணு தட்டு தட்டுவாங்க, அவ்வளவுதான். இது நிக்கல. நின்னு நின்னு வந்துச்சு. சாதாரணமா இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது செல்வா. தெரிஞ்சும் எந்திரிக்கல. கோவம். கிழவர் பதில் சொல்ற நேரம் பாத்துத் தட்டுறாங்களேன்னு கோவம். சுவத்தைப் பாத்துத் திட்டினேன். 'செத்துத் தொலையேன்'னு சொன்னேன். மைக் பக்கத்துலயே இருந்தேன், அது நல்லாப் பதிஞ்சிருக்கு."

கிழவர் சொன்ன வரியை அவரும் கேட்கவில்லை. சுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். தொடர் முடிந்து டேப்பைப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்தார். சமையலறைத் தரையில் அம்மா கையில் கம்பியோடு கிடந்தாள். நெருப்பைக் கிளறும்போது விழுந்திருக்கிறாள் என்று அப்பா நினைத்தார். மாரடைப்பு, ஒரு நொடியில் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்பா சாகும் வரையில் அதைச் சொல்லித்தான் ஆறுதல் பட்டுக்கொண்டார். வலியே தெரியாமல் போய்விட்டாள், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று. அடக்கம் முடிந்த வாரம் நெவில் ஒரு முறை டேப்பைப் போட்டுக் கேட்டார். ஒரு நொடி இல்லை என்பது அதில் இருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"இதையெல்லாம் வாயால சொல்லிட்டாப் போதாதா? டேப்பை எதுக்குக் கொடுக்கணும்?" என்றேன்.

"இப்போ நீ என்ன சொன்ன? 'சின்னப் பையன்'னு சொன்னே. எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க. நல்லவங்க. அது எனக்கு வேண்டாம். கேட்டாத்தான் தெரியும். எவ்வளவு நேரம் தட்டுறாங்க, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு போகுது, நடுவுல என் குரல் என்ன சொல்லுதுன்னு காதால கேக்கணும். கேட்டுட்டு அப்புறம் எவனாவது சொல்லட்டும், என்னைப் பத்தி என்ன நெனைக்கிறான்னு. ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கேன். எனக்கு ஒருத்தன் சொல்லட்டும்."

சிப்ஸ் ஆறிப்போனது. யாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடாதே என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, அந்த வீட்டுக்குள்ளேயே இவர் எப்படி ஐம்பது வருடம் இருந்தார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது, காரிலேயே அழுதேன்.

டேப் ஓடியது, பிழைத்தது என்று கிரெய்க்கிடமிருந்து செய்தி வந்தது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் நாள் குறித்தார்கள். மாடியறை அன்று போல் நிறைந்து நான் பார்த்ததில்லை. லண்டனிலிருந்து வந்தார்கள், கிளாஸ்கோவிலிருந்து வந்தார்கள், ஹாலந்திலிருந்துகூட ஒருவர். பிரெண்டா இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியும் பட்டாணியும் பரிமாறினாள். புதையல் காத்த பூதம் என்று பேசியவர்கள் எல்லாம் வரிசையாக வந்து நெவிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பீன்ஸா முட்டையா?" என்று ஒருவர் கேட்டார். நெவில் அன்று முட்டை என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். டை கட்டியிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் அந்தப் போட்டோக்கள் ஒவ்வொன்றாக வர, ஸ்பீக்கரில் சத்தம். நேற்றுப் பதிந்தது போல அவ்வளவு துல்லியமாக இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய வீட்டு டேப்பில் ஓர் இரைச்சலாவது இருக்க வேண்டாமா? நெவிலைப் பார்த்தேன். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வரப்போவதற்காகக் காத்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. கிழவர் நடக்கும் காலடி. சுவிட்சின் சத்தம். நெவிலின் கை என் கையைப் பிடித்தது. "இப்போ," என்றார் மெதுவாக.

"ஏன் அணைத்தீர்கள்?" என்றான் இளைஞன்.

ஓர் அமைதி. கீழே பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்கள்கூட நிறுத்தியது போல இருந்தது. பிறகு கிழவரின் குரல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக: "களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்."

இசை. முடிந்தது.

கூட்டம் மூச்சை இழுத்துவிட்டது. பிறகு கைதட்டல், எழுந்து நின்று கைதட்டல். ஹாலந்துக்காரர் தேம்பி அழுதார். இதைத்தான் நாங்கள் சொன்னோம் என்று கருணைக் கட்சியும் சொன்னது, துரோகக் கட்சியும் சொன்னது. எனக்குச் சப்பென்று இருந்தது. நெவிலின் கை என் கையை இன்னும் விடவில்லை. அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது போல.

கிரெய்க் முகமெல்லாம் பூரிப்போடு ஓடி வந்தான். "எப்படி நெவில்? அந்த வரி எப்படி? முதல் கருத்து உங்களோடதுதான், சொல்லுங்க!"

"எந்த வரி?" என்றார் நெவில்.

அவர் கேட்கவில்லை. அன்று தட்டுகிற சத்தத்தால் கேட்கவில்லை, இன்று தட்டுகிற சத்தம் வராததால் கேட்கவில்லை.

கிரெய்க் சிரித்தான். "வாயடைச்சுப் போச்சு பாருங்க இவருக்கே! எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சரியா அந்த இடத்துலதான் என்னமோ டொக்கு டொக்குன்னு ஒரே இடி. அந்த வரி அதுக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. வேலை முடிஞ்சு வந்து தினம் உக்காந்தேன். மூணு வாரம் ஆச்சு, ஒவ்வொண்ணா எடுக்க. நடுவுல நீங்க திட்டினதுகூட இருந்துச்சு, சிரிச்சுக்கிட்டே எடுத்தேன். எடுக்காதேன்னு சொன்னீங்க, தெரியும். ஆனா கேட்டா நீங்களே சந்தோஷப்படுவீங்கன்னு..."

"எங்கம்மா எங்கடா?" என்றார் நெவில்.

"யாரு?"

நெவில் எழுந்து நின்றார். மூச்சு வாங்கியது. நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தார். கம்பி, ஹில்டா, தட்டிய சத்தம், தான் சொன்ன சொல். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் நிறுத்தினார்கள். பட்டாணித் தட்டை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

"சத்தம் எடுக்காததைப் போடு," என்றார் நெவில்.

கிரெய்க்கின் முகம் வெளுத்துவிட்டது. "அது இப்போ எங்கிட்ட இல்ல நெவில். வேலை செய்யச் செய்ய அது மேலயே சேமிச்சுட்டு வந்துட்டேன். பழசை எதுக்கு வைக்கணும்னு... டேப்பும் ஓடும்போதே மாவா உதிர்ந்து போச்சு. நீங்கதானே சொன்னீங்க..."

பிரெண்டா வந்து நெவிலின் தோளில் கை வைத்தாள். "நெவில் கண்ணு, பச்சப் புள்ளடா நீ அப்போ. உனக்கு என்ன தெரியும்? உன் மேல ஒரு தப்பும் இல்ல." சுற்றிலும் எல்லோரும், ஆமாம், ஆமாம், ஒரு தப்பும் இல்லை என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். அவர்களை அறைய வேண்டும் போல எனக்கு இருந்தது.

நெவில் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டார். கிரெய்க்கைத்தான் பார்த்தார். "இவங்க யாரும் கேக்கல. நீ கேட்டிருக்கே. உலகத்துல என்னைத் தவிர அதைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். நீ சொல்லு. எவ்வளவு நேரம் தட்டுனாங்க? எந்திரிச்சுப் போயிருக்கலாமா, கூடாதா?"

கிரெய்க் சுற்றிலும் பார்த்தான். உதவிக்கு யாரும் வரவில்லை. அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், பக்கத்துத் தெருவில். கடைசியில் நெவிலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டே ரெண்டு தட்டு, நெவில்," என்றான். "அவ்வளவுதான். லேசா. என்ன ஏதுன்னு நினைக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. யாரு இருந்திருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க."

நெவில் கோபப்படவில்லை. பிறகு தன் கைகளை விடுவித்துக்கொண்டு, நாற்காலி முதுகில் தொங்கிய கோட்டை எடுத்தார்.

"ரெண்டு தட்டை எடுக்கவாடா மூணு வாரம்?" என்றார்.